வெள்ளணுக்களுக்குக் கட்டளை இடுவது யார்?



சில மாதங்களுக்கு முன் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஓய்வு நேரத்தில் ஒரு மாணவி என் மேசையருகே வந்து நின்றாள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சிற்றுண்டிச் சாலைக்குப் போகும்வரை காத்திருந்து, பிறகு கேட்டாள்.

"சார், எங்க அப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஆனா ஊசி போடல. முடி கொட்டல. வெறும் மாத்திரைதான் கொடுத்திருக்காங்க. அப்படின்னா அது புற்றுநோயே இல்லேன்னு லயத்துல எல்லாரும் சொல்றாங்க. அப்பாவும் இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மாத்திரை சாப்பிடுறாரு. அது சரியா சார்?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், அம்மா" என்றேன். அந்த நாளை வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தில் படித்தும், தெரிந்த மருத்துவரிடம் கேட்டும் நான் அறிந்துகொண்டதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நம் இரத்தத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இரத்தத்தில் செவ்வணுக்கள் உண்டு. அவை உயிர்க்காற்றைச் சுமக்கின்றன. தட்டணுக்கள் உண்டு, அவை காயத்தில் இரத்தம் உறைய உதவுகின்றன. வெள்ளணுக்கள் உண்டு, அவை நம்மைக் காக்கும் காவலர்கள். இவை எல்லாம் எலும்புக்குள் இருக்கும் மச்சையில் உற்பத்தியாகின்றன. உடல் நலமாக உள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். காய்ச்சலோ சீழ்க்கட்டியோ வந்தால் அந்தக் கணக்கு ஏறும். நோய் தீர்ந்ததும் இறங்கிவிடும்.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. "கிருமி வந்துவிட்டது, பெருகுங்கள்" என்று வெள்ளணுக்களுக்குச் சொல்வது யார்? "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்வது யார்?

நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும். மணி கேட்டதும் லயத்தில் விளக்கு எரியும். பெரட்டுக் களத்தில் கிராணி பேர் கூப்பிடுவார். மண்டோர் ஆளுக்கு ஆள் வேலையைப் பிரித்துக் கொடுப்பார். அதன்பின்தான் பால்வெட்டும் கத்தியும் வாளியும் புறப்படும். மழை பெய்து மரம் நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. மணி, கிராணி, மண்டோர், ஆள் என்று ஒரு சொல் கை மாறிக் கை மாறித்தான் வேலையாகிறது.

நம் உயிரணுவுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். அணுவின் வெளித்தோலில் சில புரதங்கள் காது போல நீட்டிக்கொண்டிருக்கும். கிருமியின் துண்டு ஒன்று அதில் வந்து பட்டால், அந்தச் செய்தி உள்ளே இருக்கும் ஒரு புரதத்துக்குப் போகும். அது அடுத்ததற்குச் சொல்லும். அது அதற்கடுத்ததற்குச் சொல்லும். முடிவில் அணுவின் நடுவே உள்ள கருவுக்குச் செய்தி எட்டும். இத்தனையும் சில நிமிடங்களில் நடந்துவிடும்.

புரதத்துக்கு வாய் ஏது, பேசுவதற்கு? அது பேசும் முறைதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி. உரம் போடும் வேலைக்குப் போன தாய்மார்களுக்குப் பாஸ்பேட் என்ற சொல் புதிதல்ல. செம்பனைக்கும் பால்மரத்துக்கும் போடும் பாறைப் பாஸ்பேட்டை நீங்கள் கையால் அள்ளியிருப்பீர்கள். அந்த உரத்தில் மரத்துக்குப் பயன்படும் சத்து எதுவோ, அதே பாஸ்பேட்டுத்தான் மிக மிகச் சிறிய அளவில் நம் அணுக்குள்ளும் இருக்கிறது. ஒரு புரதத்தின் மீது ஒரு பாஸ்பேட் ஒட்டினால் அந்தப் புரதத்தின் உருவம் சற்றே மாறும். உருவம் மாறினால் வேலை மாறும். தூங்கிக் கிடந்தது எழுந்துகொள்ளும். சில புரதங்களில் எழுந்திருந்தது தூங்கிவிடும். பாஸ்பேட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். கழற்றும் நொதிகளுக்குப் பாஸ்பட்டேஸ் என்று பெயர். மனித உடலில் கைனேஸ் மட்டும் 500-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. உரம் போடும் பெண் சாக்கிலிருந்து வாளியில் அள்ளி மரத்தடியில் போடுகிறாள் அல்லவா? கைனேஸும் அப்படித்தான். ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளே அதற்குச் சாக்கு. அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து எதிரே நிற்கும் புரதத்தில் ஒட்டிவிடுகிறது.

இந்த இரகசியத்தை முதலில் கண்டவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பணியாற்றிய எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இருவர். ஆண்டு 1955. அவர்கள் இரத்தத்தை ஆராயவில்லை. தசைக்குச் சக்தி எப்படிக் கிடைக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கான நோபல் பரிசு அவர்களுக்கு 1992-இல்தான் கிடைத்தது. 1979-இல் டோனி ஹண்டர் என்ற விஞ்ஞானி கலிபோர்னியாவில் இன்னொன்றைக் கண்டார். டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் மீதும் பாஸ்பேட் ஒட்டும் என்பது அது. அன்று அவர் புதிய கரைசல் கலக்காமல் பழைய கரைசலையே பயன்படுத்தினார். அதன் புளிப்புத் தன்மை சற்று மாறியிருந்ததால்தான் அந்த உண்மை கண்ணில் பட்டது. அணு பெருகுவதற்கான கட்டளைகளில் பல இந்த டைரோசின் வழியாகவே போகின்றன. ஆகவே இந்தச் சிறு கண்டுபிடிப்பு புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெரிய கதவைத் திறந்தது.

நேயர்களே, கட்டளை போகாவிட்டால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். 1952-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் ஓர் எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அந்தப் பையனுக்கு நிமோனியாவும் இரத்தத்தில் கிருமி பரவும் நோயும் திரும்பத் திரும்ப வந்தன. இரத்தத்தைப் பரிசோதித்தால், கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் அடங்கிய காமா குளோபுலின் என்ற பகுதியே அதில் காணப்படவில்லை. மற்றவர் இரத்தத்திலிருந்து பிரித்த அந்தப் பொருளை ஊசி வழியாகக் கொடுத்தபோது பையன் தேறினான். காரணம் தெரிய மேலும் 41 ஆண்டுகள் பிடித்தன. இத்தகைய சிறுவர்களிடம் ஒரு கைனேஸ் பழுதாகியிருப்பது 1993-இல் கண்டறியப்பட்டது. புரூட்டன் நினைவாக அதற்குப் பி.டி.கே. என்று பெயர். எதிர்ப்பொருளைச் செய்யும் பி வெள்ளணுக்கள் வளர்ந்து முதிர வேண்டுமானால் இந்தக் கைனேஸ் கட்டளையைக் கொண்டுபோக வேண்டும். அது இல்லாததால் ஆட்கள் களத்துக்கே வரவில்லை. ஒரே ஒரு மண்டோர் இல்லாமற்போனதால் ஒரு தோட்டமே காவலின்றிக் கிடந்தது.

இனி மறுபக்கம். அதே பி.டி.கே. ஓயாமல் கட்டளை இட்டுக்கொண்டே இருந்தால்? முதியோருக்கு வரும் ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில், கெட்டுப்போன பி வெள்ளணுக்கள் இந்தக் கட்டளையை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன. அதைத் தடுக்கும் இப்ருட்டினிப் என்ற மாத்திரையை அந்த நோய்க்குக் கொடுக்க அமெரிக்கா 2014-இல் அனுமதித்தது. ஆனால் கட்டளையை அடக்கும்போது காவலும் சற்றுக் குறையும் அல்லவா? அந்த மாத்திரை சாப்பிடுவோர்க்குக் கிருமித் தொற்று வரும் அபாயம் உண்டு. மருத்துவர்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். நோய் எதிர்ப்புச் சக்தியும் இரத்தப் புற்றுநோயும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்பது இதனால் விளங்கும்.

இப்போது அந்த மாணவியின் தந்தைக்கு வந்த நோய்க்கு வருவோம். அதற்கு நாட்பட்ட மயலாயிட் இரத்தப் புற்றுநோய் என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக சி.எம்.எல். என்பார்கள். 1845-இல் ஸ்காட்லாந்தில் பென்னட்டும் ஜெர்மனியில் விர்ச்சோவும் இறந்துபோன நோயாளிகளின் இரத்தம் வெளுத்திருப்பதைத் தனித்தனியே கண்டு எழுதினார்கள். லுகேமியா என்ற சொல்லுக்கு வெள்ளை இரத்தம் என்பதே பொருள். இந்த நோயில் ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் 100,000-ஐயும் தாண்டுவதுண்டு.

1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் என்ற இருவர் இந்த நோயாளிகளின் வெள்ளணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குரோமோசோம் எனப்படும் மரபு இழைகளில் ஒன்று வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது. அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர் வந்தது. அது ஏன் குட்டையானது என்பதை 1973-இல் எழுதி வெளியிட்டவர் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர். நான்கு பிள்ளைகளின் தாய். குரோமோசோம்களின் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கத்தரித்து அடுக்கிப் பார்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேசையிலிருந்துதான் உண்மை புலப்பட்டது: 9-ஆம் இழையிலிருந்து ஒரு துண்டும் 22-ஆம் இழையிலிருந்து ஒரு துண்டும் அறுந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன.

இடம் மாறி ஒட்டினால் என்ன நட்டம்? 9-ஆம் இழையில் ஏ.பி.எல். என்ற கைனேஸுக்கான குறிப்பு இருக்கிறது. 22-ஆம் இழையில் பி.சி.ஆர். என்ற வேறொரு புரதத்தின் குறிப்பு இருக்கிறது. இரண்டும் ஒட்டியதால், தலை ஒன்று உடல் ஒன்று என்ற கணக்கில் ஒரு புதுப் புரதம் உண்டாயிற்று. சாதாரண ஏ.பி.எல். கட்டளை வந்தால் வேலை செய்யும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். இந்தப் புதுப் புரதத்துக்கோ சும்மா இருக்கவே தெரியாது. இரவு பகலாகப் பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பெரட்டு மணியின் கயிற்றை யாரோ இழுத்துக் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி நிற்காமல் அடிக்கிறது. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வெட்ட மரம் இல்லை, நிற்க இடம் இல்லை, இருந்தும் வருகிறார்கள். மச்சையில் நடப்பது அதுதான். வெள்ளணுக் கூட்டம் நெருக்குவதால் செவ்வணுவுக்கு இடம் குறைகிறது. உடம்பு வெளுத்துச் சோர்கிறது. கூட்டம் மண்ணீரலில் தேங்குவதால் இடது விலாவின் கீழ் வீங்குகிறது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. வீண் களைப்பு, உடல் மெலிவு, இரவில் வேர்வை ஆகியவையும் தோன்றும். சிலருக்கு எந்தத் தொல்லையும் இராது. வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும்.

முன்பெல்லாம் இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கடுங்கட்டத்துக்குப் போய்விடுவார்கள். மச்சை மாற்றுச் சிகிச்சை ஒன்றே நோயை அடியோடு தீர்க்கக்கூடியது. அதற்குப் பொருத்தமான கொடையாளர் கிடைக்க வேண்டும், உடம்பும் தாங்க வேண்டும்.

மணியை உடைக்க வேண்டாம், கயிற்றை அவிழ்த்தால் போதும் என்று நினைத்தவர்களில் இருவர் நிக்கலஸ் லைடன், பிரையன் டிரக்கர் ஆகியோர். லைடன் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர், டிரக்கர் மருத்துவர். கைனேஸ் பாஸ்பேட்டை அள்ளும் பள்ளம் ஒன்று உண்டென்று சொன்னேன் அல்லவா, அந்தப் பள்ளத்தில் சரியாகப் போய் உட்காரும் ஒரு பொருளைத் தேடினார்கள். உரவாளியில் ஒரு கல்லைப் போட்டு நிரப்பிவிட்டால் உரத்தை எங்கே அள்ளுவது? அந்தக் கல்தான் இமாட்டினிப். 1998-இல் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். தொடக்க ஆராய்ச்சியில் போதிய அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேரின் இரத்த அணுக் கணக்கு சீரடைந்தது. 2001 மே மாதம் அமெரிக்கா அதை அனுமதித்தது. பிறகு நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றில், இமாட்டினிப் கொடுக்கத் தொடங்கியவர்களில் பத்து ஆண்டு கழித்து 100-க்கு 83 பேர் உயிருடன் இருந்தார்கள்.

முடி கொட்டாததற்கும் காரணம் இதுவே. வேகமாகப் பெருகும் எல்லா அணுக்களையும் அழிக்கும் பழைய மருந்து அல்ல இது. பெரும்பாலும் அந்த ஒரு புரதத்தையே குறிபார்த்து அடக்குகிறது. ஆகவே மாத்திரை மட்டும் கொடுத்தார்கள் என்பதால் அது புற்றுநோய் அல்ல என்று எண்ணுவது பிழை.

எல்லா இரத்தப் புற்றுநோயும் இப்படி மாத்திரையால் அடங்கும் என்று நினைத்துவிடக்கூடாது. பிள்ளைகளுக்கு அதிகம் வரும் கடும் இரத்தப் புற்றுநோய் வேறு. அதற்கு ஊசி மருந்துச் சிகிச்சை தேவை. முறையான சிகிச்சையால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள். பிள்ளைக்கு விடாத காய்ச்சல், உடம்பு வெளுத்தல், அடிபடாமலே நீலத் தழும்பு, ஈறில் இரத்தம், எலும்பு வலி இவை கண்டால் உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். "பல் முளைக்கிறது, கண்ணேறு பட்டிருக்கிறது" என்று நாள் கடத்த வேண்டாம்.

ஒரு வார இறுதியில் அந்த மாணவியின் தந்தையைப் பார்க்கப் போனேன். செம்பனைக் குலை வெட்டுபவர். நான் விஷயத்தைத் தொடங்கியதும் அவர் சிரித்துக்கொண்டார்.

"வாத்தியாரய்யா, மாத்திரை போட்டா கால் நரம்பு இழுக்குது. வயித்தைப் புரட்டுது. அந்தக் காலை வச்சிக்கிட்டு எப்படிக் குலை வெட்டுறது? அதான் வேலை இருக்கிற நாள்ல விட்டுடுறேன். உடம்பும் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"டாக்டரிடம் சொன்னீர்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"அங்க எவ்வளவு கூட்டம்! அவங்க மலாய்ல வேகமா கேட்பாங்க. நான் 'ஓகே'ன்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

நேயர்களே, அவரை அறியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். காலிழுப்பும் குமட்டலும் கண்ணைச் சுற்றி வீக்கமும் அந்த மருந்தால் வரக்கூடியவையே. அன்றைய கூலி அன்றைய உழைப்பில் இருக்கிறது. ஆனால் உடம்பு நன்றாக இருப்பது மாத்திரையால்தான் என்பதை அவருக்கு எவரும் விளங்கச் சொல்லவில்லை. கல்லை வாளியிலிருந்து எடுத்தால் கை மறுபடி உரம் அள்ளத் தொடங்கும். இலண்டனில் 2010-இல் 87 நோயாளிகளிடம் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மாத்திரைப் புட்டியின் மூடியில் ஒரு சிறு மின்கருவியை வைத்து, எத்தனை முறை புட்டி திறக்கப்படுகிறது என்று மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள். 100-க்கு 90-க்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு, நோய் ஆழமாக அடங்கும் வாய்ப்பு ஆறாண்டுக் கணக்கில் 100-க்கு 94-க்கு மேல். அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு 28 மட்டுமே. மாதத்தில் மூன்று நாள் விட்டாலே அந்த எல்லை வந்துவிடுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது பாதிதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கெட்ட அணுக்கள் மறுபடி பெருகப் பெருக, அவற்றில் ஒன்று உருவம் மாறிவிட வாய்ப்புக் கூடுகிறது. அந்தப் புரதத்தின் 315-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும். பள்ளத்தில் இமாட்டினிப் உட்கார முடியாது. அதற்கும் 2012 முதல் புதிய மருந்துகள் வந்துள்ளன. என்றாலும், கையில் இருக்கும் மருந்தைக் காப்பாற்றிக்கொள்வதல்லவா புத்தி?

நான் மலாய் மொழியில் ஒரு தாளில் அவருடைய தொல்லைகளையும், மாத்திரையை விட்ட நாட்களையும் எழுதிக் கொடுத்தேன். "திட்டுவார்கள்" என்று தயங்கினார், பிறகு கொண்டுபோனார். யாரும் திட்டவில்லை. இரவுச் சாப்பாட்டோடு பெரிய தம்ளர் நீருடன் சாப்பிடச் சொன்னார்கள். காலிழுப்புக்கு மருந்து கொடுத்தார்கள். இப்போது அவர் வீட்டுச் சுவரில் நாட்காட்டி தொங்குகிறது. மாத்திரை சாப்பிட்டதும் மகள் அன்றைய தேதியில் ஒரு கோடு போடுகிறாள். அடுத்த பரிசோதனையில் கெட்ட அணுக்களின் கணக்கு இறங்கியிருந்தது என்று அவளே என்னிடம் வந்து சொன்னாள்.

முடிக்குமுன் சில சொற்கள். இந்த நோய் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைத் தூக்கலாம். பெற்றோரிடமிருந்து வந்ததுமல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல. பிறந்த பின் மச்சையின் ஓர் அணுவில் நேர்ந்த பிசகு இது. செய்வினையும் இல்லை, பாவத்தின் சம்பளமும் இல்லை. மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவரின் வேலை. பல ஆண்டு நோய் ஆழமாக அடங்கியிருக்கும் சிலருக்கு, அடிக்கடி இரத்தம் பார்த்துக்கொண்டே அவர்கள் நிறுத்திப் பார்ப்பதுண்டு. வீட்டில் நாமே செய்யும் சோதனை அல்ல அது. நாட்டு மருந்தோ வேர் மருந்தோ சேர்த்துச் சாப்பிட விரும்பினால் முதலில் கேளுங்கள். சில பொருள்கள் மாத்திரையின் வேகத்தைக் கூட்டும், சில குறைக்கும். குழந்தை பெற எண்ணும் பெண்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மொழி தடையானால் பள்ளி ஆசிரியரையோ படித்த பிள்ளையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஒரு புரதத்தின் மீது ஒட்டும் ஒரு பாஸ்பேட் கண்ணுக்குத் தெரியாது. அது ஒட்டாவிட்டால் ஒரு சிறுவனைக் கிருமி தின்கிறது. ஓயாமல் ஒட்டினால் ஒரு குடும்பத் தலைவனைப் புற்றுநோய் தின்கிறது. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடித்து, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதே உடல்நலம். அது தானாக நிற்காதவர்களுக்கு, தினமும் ஒரு மாத்திரை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.